ஊரிலிருந்தே உத்தியோகம்

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தேசமெங்கும் ஜனங்கள் கதவடைத்து வீட்டிலிருந்தபோது, நமது நாட்டின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் ஸ்தாபனமாகிய டாட்டா கன்ஸல்டன்ஸி ஸர்வீஸஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2025-ஆம் வருஷத்துக்குள், தன் சிப்பந்திகளில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் எந்தச் சமயத்திலும் காரியாலயத்தில் இருக்க வேண்டிய அவசியம் இராது என்பதே அதன் சாரம். கேட்டவர் மகிழ்ந்தனர். 2023 அக்டோபரில் அதே ஸ்தாபனம், வாரம் 5 நாளும் காரியாலயத்துக்கு வந்தாக வேண்டுமென்று தன் சிப்பந்திகளுக்குச் சொல்லிவிட்டது. 2024-இல் வருகைக் கணக்கைப் பார்த்தே ஊக்கத் தொகையை நிர்ணயிப்பது என்ற விதியையும் சேர்த்துக்கொண்டது. அமெஸான் ஸ்தாபனம் 2025 ஜனவரி முதல் 5 நாள் என்றது. இன்போஸிஸ் ஸ்தாபனம் அவ்வருஷம் மார்ச்சு முதல் பல தரத்துச் சிப்பந்திகளும் மாதத்தில் 10 நாளாவது முகங்காட்ட வேண்டும் என்றது. வாக்களித்த வருஷம் வந்து சேர்ந்தபோது வாக்கைத்தான் காணோம்.

முதலாளிகள் தம் சௌகரியத்தை யோசிப்பது உலக இயல்பு. அதற்காக நாம் சினந்துகொள்ளவில்லை. இந்தக் கட்டளைகளினால் நாஞ்சில் நாட்டுக்கு விளையும் நஷ்டத்தை யாரேனும் கணக்கிட்டுப் பார்த்தார்களா என்பதே நாம் கேட்பது. கணக்கிட்டதாகத் தெரியவில்லை. ஆகவே நாமே சிறிது முயல்கிறோம்.

கன்னியாகுமரி ஜில்லா பரப்பில் மிகச் சிறியது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே வசிப்போர் 18 லக்ஷத்து 70 ஆயிரம் பேர். சதுரக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 1,100 பேருக்கு மேல். எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75. தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் அக்கணக்கில் இதுவே முதலிடம் பெற்றது. பள்ளிக்கூடம் இல்லாத ஊரில்லை. பட்டம் பெறாத வீடும் அரிது. ஆனால் படித்தவனுக்கு இங்கே வேலை எங்கே? ஏலாக்களில் பாதி வாழைத்தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. விளைகளில் ரப்பர் இருக்கிறது. அது பால் வெட்டுபவனுக்குக் கூலியும் சொந்தக்காரனுக்குச் சிறிது லாபமும் தரும், எஞ்சினீயரிங் படித்த மகனுக்கு உத்தியோகம் தராது. நெல்லும் தேங்காயும் வெளியூருக்கு ஏற்றுமதி செய்த நாடு இன்று தன் பிள்ளைகளை ஏற்றுமதி செய்கிறது. சென்னைக்கு, பெங்களூருக்கு, ஹைதராபாத்துக்கு, கடல் கடந்தும்.

அப்பிள்ளைகள் ஊர் திரும்பும் நாட்களைக் காண வேண்டுமானால் நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், கிறிஸ்துமஸ், பொங்கல், மண்டைக்காட்டுக் கொடை என வருஷத்தில் சில நாட்கள். ஓரிரவுப் பிரயாணம் வர, ஓரிரவுப் பிரயாணம் போக. இடம் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ்காரர் கேட்ட தொகை. 2024 ஆகஸ்டில் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் ரயில் விட்டார்கள், நல்ல காரியந்தான். ஆனால் வேகமான ரயில் விடுவதும் ஒருவனை ஊரில் இருக்கச் செய்வதும் ஒன்றாகிவிடா. இரணியலிலும் திருவட்டாறிலும் தோப்புகளுக்கு நடுவே நல்ல வீடுகள் நிற்கின்றன. மாடி பூட்டிக் கிடக்கும்; கீழே ஒரு வயோதிக தம்பதி. இரவில் மார்வலி வந்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வேண்டும். மகன் பெங்களூரில் வாங்கும் சம்பளத்தில் கணிசமான பங்கு அவ்வூர் வீட்டுக்காரருக்கு வாடகையாகப் போகிறது. இங்கே அவன் கட்டிய வீட்டில் வௌவால் குடியிருக்கிறது.

2020, 2021 இரண்டும் கொடிய வருஷங்கள். அவற்றை எவ்வகையிலும் புகழ்வது நமது நோக்கமன்று. எனினும் அந்த வருஷங்களில் ஓர் உண்மை எல்லாருடைய கண்ணுக்கும் முன் நிரூபணமாயிற்று. மார்ச்சு 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கிய சில தினங்களுக்குள், லக்ஷக்கணக்கான சிப்பந்திகள் வீட்டுத் திண்ணையிலும் மாடி அறையிலும் கம்ப்யூட்டரை வைத்து வேலையைத் தொடர்ந்தனர். அமெரிக்க வங்கியின் கணக்கும் ஐரோப்பிய வியாபாரியின் கணக்கும் ஒரு நாளேனும் நிற்கவில்லை. 2021-22-ஆம் வருஷத்தில், சிப்பந்திகளிற் பெரும்பாலோர் வீட்டிலிருக்கையிலேயே, மேற்சொன்ன டாட்டா ஸ்தாபனத்தின் வருமானம் நூற்றுக்கு 16-க்கு மேல் உயர்ந்தது. வீட்டிலிருந்தால் வேலை கெடும் என்று இனி யார் சொன்னாலும், அந்த வருஷத்து ஐந்தொகையை அவரிடம் நீட்டலாம்.

இது அனுபவம். ஆராய்ச்சியும் உண்டு. ஷாங்காய் நகரத்தில் ஸீட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டு ஸ்தாபனம், 2010-ஆம் வருஷக் கடைசியில் தன் டெலிபோன் சிப்பந்திகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 9 மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் நிக்கலஸ் ப்ளூமும் அவரது சகாக்களும் அதைப் பரிசீலித்தனர். வீட்டிலிருந்தோரின் வேலை நூற்றுக்கு 13 அதிகமாயிற்று. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. அதே ஸ்தாபனத்தில் வாரம் 2 நாள் வீட்டிலிருக்கும் முறையைப் பின்னர் 1,612 பேரிடம் சோதித்தபோது, வேலையில் குறைவே காணப்படவில்லை. விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். இம்முடிவு 2024-இல் பிரசுரமாயிற்று. பழகிய சிப்பந்தி ஒருவர் விலகினால் அவரிடத்துக்குப் புதியவரைத் தேடிப் பழக்குவதற்கு எவ்வளவு பணமும் மாதமும் செலவாகும் என்பதை முதலாளிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. காரியாலய வாடகை, குளிர்சாதனம், சிப்பந்திகளை ஏற்றி இறக்கும் வண்டி இவையெல்லாம் மிச்சம்.

ஆனால் முதற் சோதனையின் மற்றொரு பாதியையும் மறைக்கக்கூடாது. 9 மாதம் கழிந்து, இனி இஷ்டம்போல் செய்யலாம் என்று சொன்னபோது, வீட்டிலிருந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் காரியாலயத்துக்கே திரும்பினர். தனிமை அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் படாதவரை மேலாளர் பதவி உயர்வுக்கு நினைப்பதுமில்லை என்பதும் அதில் புலப்பட்டது. புதிதாகச் சேர்ந்த இளைஞன், அனுபவஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதை வீட்டு அறையில் கற்பது கடினம் என்பதும் மெய்யே. ஆகவே எல்லாரும் எப்பொழுதும் வீட்டிலிருக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. விரும்புவோர்க்கு, வேலையின் தன்மை இடம் கொடுக்குமளவுக்கு, அது கிடைக்க வேண்டும்; கொடுத்ததை ஒரு காலையில் மின்கடிதம் அனுப்பிப் பறிக்கக் கூடாது. 2020-இல் கிடைத்த வாக்கை நம்பி ஊரில் கடன்பட்டு வீடு கட்டினவன், 2023-இல் பெங்களூரில் மறுபடி அறை தேடி அலைந்த கதை நமது ஜில்லாவில் ஒன்றிரண்டல்ல.

திருவனந்தபுரத்துக்கு அன்றாடம் போய்வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-இல் ஏற்பட்ட டெக்னோபார்க், கழக்கூட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் சோற்றுப் பொதியுடன் புறப்பட்டு, பாலராமபுரத்து நெரிசலில் நின்று, போய்ச் சேர்ந்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். வேலை 9 மணி நேரம், வழி 4 மணி நேரம். அங்கே போய் அவர்கள் செய்வது கம்ப்யூட்டர் முன் அமர்ந்து வேறு தேசத்தாருடன் பேசுவது. அந்தக் கம்ப்யூட்டர் களியக்காவிளையில் இருந்தால் என்ன, கழக்கூட்டத்தில் இருந்தால் என்ன?

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் பெண்களைப் பற்றியது. நாஞ்சில் நாட்டில் பெண்மக்களைப் படிக்க வைப்பதில் பெற்றோர் காட்டும் அக்கறைக்குக் குறைவில்லை. பட்டம் பெறுகிறாள், நகரத்தில் நாலைந்து வருஷம் வேலை செய்கிறாள், கலியாணமாகிறது, குழந்தை பிறக்கிறது. அப்பொழுது வருகிறது கேள்வி. பெங்களூரில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. ஊரில் பாட்டி இருக்கிறாள், ஆனால் வேலை இல்லை. பெரும்பாலும் வேலையையே விடுகிறாள். 16 வருஷம் படித்த படிப்பு 26 வார விடுமுறையோடு முடிந்துபோகிறது. இது அக்குடும்பத்தின் நஷ்டம் மட்டுமா?

2017-இல் பார்லிமெண்ட் மகப்பேற்றுச் சலுகைச் சட்டத்தைத் திருத்தியது. 12 வாரமாக இருந்த விடுமுறை 26 வாரமாயிற்று. அதே திருத்தத்தில், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுமுறை முடிந்த பின் அப்பெண் வீட்டிலிருந்தே வேலை செய்ய முதலாளி அனுமதிக்கலாம் என்றும், கால அளவையும் நிபந்தனையையும் இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்றும் ஒரு ஷரத்துச் சேர்த்தனர். நல்லெண்ணத்துடன் செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் உயிர் முழுவதும் 'லாம்' என்ற ஒரு விகுதியில் தொங்குகிறது. அனுமதிக்கலாம்; அனுமதிக்காமலும் இருக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, எழுத்தில் தர வேண்டியதில்லை, முறையிட இடமுமில்லை. சட்டமில்லாதபோதும் முதலாளி மனமிருந்தால் அனுமதிக்கத் தடையில்லையே! பின் இந்த ஷரத்தினால் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன?

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கிறாள் என்பதால் அடுப்பும் அவள் தலையில், தொட்டிலும் அவள் தலையில், காரியாலய வேலையும் அவள் தலையில் என்று வைத்தால் அது சலுகையாகாது. மகன் வீட்டிலிருந்து வேலை செய்தால் கதவைச் சாத்தி, சத்தம் போடாதே என்று குழந்தையை அடக்கும் குடும்பம், மருமகள் வேலை செய்யும்போதும் அக்கதவைச் சாத்தட்டும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று அதே 2017-ஆம் வருஷத் திருத்தம் விதித்தது; வீட்டிலிருந்து வேலை கொடுத்துவிட்டோம் என்று அக்கடமையைத் தட்டிக் கழிக்க இடம் தரலாகாது.

வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சங்கத்துச் சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவியார் மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண் பள்ளிக்கூடத்தில் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். ரேந்தை என்று நம் பக்கத்தார் வழங்குவது லேஸைத்தான். போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற சொல். அவருடைய புதல்வி எலைஸா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் அக்கலையைப் பரப்பினார். திருவாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்னரே, ரேந்தை பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்து, தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. தலையணையும் நூற்கட்டையும் கையிலிருந்தால் அடிமைப் பெண் விடுதலை வாங்கலாம் என்ற செய்தி கேட்பதற்கே எவ்வளவு பெருமையாயிருக்கிறது!

ஆனால் வீட்டு வேலைக்கு மற்றொரு முகமும் உண்டு. அதைக் காண ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நெல்லைச் சீமைக்குள் போனால் போதும். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் குனிந்து பீடி சுற்றுகின்றனர். இலையும் தூளும் அளந்து கொடுப்பவர் வேறு. கட்டை எண்ணிக் கழிப்பவர் வேறு. கழித்த பீடிக்குக் கூலியில்லை. விளக்கு அவளுடையது, இடம் அவளுடையது, முதுகுவலியும் அவளுடையது. வீட்டில் இருப்பவள் சங்கத்துக்கு வரமாட்டாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கூலி என்றும் கேட்கமாட்டாள் என்பதே தரகரின் பலம். இதை உணர்ந்தே 1966-ஆம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று ஒப்புக்கொண்டது. அதற்கு வெகு காலத்துக்கு முன், 1935-இல், காந்தியடிகளின் வற்புறுத்தலின்மேல் அகில இந்திய சர்க்கா சங்கம், வீட்டிலிருந்து நூற்கும் பெண்ணுக்கு வயிற்றுக்குப் போதுமான கூலி கொடுத்தே தீர வேண்டுமென்று தீர்மானித்தது. கதரின் விலை ஏறுமே, வாங்குவோர் குறைவரே என்று சகாக்கள் அஞ்சினர். ஏறட்டும் என்றார் அவர்.

பீடி சுற்றும் பெண்ணுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட நியாயம், கம்ப்யூட்டர் முன் அமர்ந்தவர்க்கு மட்டும் எதற்கு மறுக்கப்பட வேண்டும்? வீட்டிலிருந்து வேலை செய்வோர் மின்சாரத்துக்கும் இணையத் தொடர்புக்கும் நாற்காலிக்கும் தாமே செலவழிக்கின்றனர். காரியாலயத்தில் இருந்தவரை 6 மணிக்கு எழுந்து போக இடமிருந்தது. வீட்டில் இரவு 11 மணிக்கும் டெலிபோன் மணி அடிக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல், அகால வேளையில் சிப்பந்தியைக் கூப்பிடும் முதலாளிக்கு அபராதம் விதித்தது. வீட்டு வேலையாட்களைப் பற்றிச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996-இல் செய்த 177-ஆவது உடன்படிக்கையில் நமது சர்க்கார் இன்னும் கையொப்பமிட்டு உறுதி செய்யவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமையைக் கேட்கும் வாயால் இவற்றையும் கேட்க வேண்டும்.

சென்னைச் சர்க்கார் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. முதலாவது மின்சாரம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, ரப்பரும் தென்னையும் கம்பிகளின் மேல் விழுந்து, பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். புயல் வேண்டாம், சாதாரணக் காற்று மழைக்கே கல்குளம், விளவங்கோட்டுப் பக்கங்களில் விளக்கு அணைகிறது. அரைமணி நேரம் தொடர்பு அறுந்தால், உங்கள் ஊரில் இருந்து வேலை நடவாது, புறப்பட்டு வா என்று சொல்ல மேலாளருக்கு அது போதும். மரம் அடர்ந்த ஊர்களிலேனும் கம்பியைப் பூமிக்கடியில் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் தனி அறை இல்லாதவர்க்கு ஊரில் ஓர் இடம். நாலு பேர் ஒரே கூடத்தில் வசிக்கும் குடும்பத்துப் பெண்ணிடம் வீட்டிலிருந்து வேலை செய் என்பது கேலியாகும். 2024 நவம்பரில் சென்னைக் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற பெயரால், மாணவர் படிக்கவும் சிப்பந்திகள் அமர்ந்து வேலை செய்யவும் ஒரு கட்டிடத்தைச் சர்க்கார் திறந்தது. பக்கத்துக் கேரள சர்க்கார் 2022-23-ஆம் வருஷ வரவு செலவுத் திட்டத்தில், வீட்டருகே வேலையிடம் அமைக்கும் யோசனையை வெளியிட்டது. தென்காசி ஜில்லாவில் மத்தளம்பாறைக் கிராமத்தில் ஸோஹோ ஸ்தாபனம் 2011 முதல் காரியாலயம் நடத்தி, கம்ப்யூட்டர் வேலைக்குப் பட்டணந்தான் வேண்டும் என்ற கொள்கையைப் பொய்யாக்கிவிட்டது. நாகர்கோவிலில், தக்கலையில், குளச்சலில், மார்த்தாண்டத்தில் நூலகங்களை ஒட்டி இத்தகைய கூடங்களை எழுப்புவது பெரிய செலவன்று. தனிமை என்று மேலே சொன்ன குறையும் அங்கே பாதி தீரும்.

இவையெல்லாம் படித்த சிலருக்குத்தானே, கடலுக்குப் போகும் மீனவருக்கும் கசுவண்டி ஆலைப் பெண்ணுக்கும் இதனால் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்களுடைய குறைகளுக்கு இது மருந்தென்று சொல்ல மாட்டோம். ஆயினும் பெங்களூரில் வாடகையாகக் கரையும் சம்பளம் வடசேரிக் கனகமூலம் சந்தையில் மீனுக்கும் கறிகாய்க்கும், ஊர்க் கொத்தனுக்கும் தச்சனுக்கும், பள்ளிக்கூடத்து ஆட்டோக்காரனுக்கும் போய்ச் சேர்ந்தால், அதன் பயன் படித்தவனோடு நின்றுவிடாது.

இந்த ஜில்லாவுக்குப் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினரும் சட்டசபையில் 6 அங்கத்தினரும் இருக்கின்றனர். கட்சி எதுவாயினும், தேர்தலுக்குத் தேர்தல் வேலைவாய்ப்பு என்ற சொல்லை உச்சரியாதவர் அவர்களில் இல்லை. புதிய தொழிற்சாலையைக் கொண்டுவருவது கடினம். நிலமும் இல்லை, இருக்கும் மலையும் கடலும் அதைத் தாங்கா. முன்னரே வேலையில் இருக்கும் பிள்ளைகளை அந்த வேலையோடு ஊருக்குக் கொண்டுவருவது அவ்வளவு கடினமன்று. 2017-இல் சேர்த்த அந்த ஷரத்தில் 'அனுமதிக்கலாம்' என்றிருப்பதை 'அனுமதிக்க வேண்டும்; மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்' என்று திருத்தும் தனி அங்கத்தினர் மசோதா ஒன்றை அடுத்த கூட்டத்திலேயே நமது பார்லிமெண்ட் அங்கத்தினர் கொண்டுவரட்டும். அதன் நகலை இப்பத்திகளில் முழுவதும் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.